வென்ற பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள். பெற்றோர், பழைய மாணவர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்கள், விளையாட்டுக் கழகக்காரர்கள் எல்லோருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது.

பாடசாலை வருடத்தில் போட்டிகளுக்குக் குறைவில்லை. தமிழ்மொழித் தினம், ஆங்கில தினம், மீலாத் போட்டி, சித்திரம், விஞ்ஞானக் கண்காட்சி, இல்ல விளையாட்டு. பிள்ளைகள் மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். ஆசிரியர்களும் பாடசாலை விட்ட பிறகு நின்று பழக்குகிறோம். கடைசியில் பரிசளிப்பு விழா வருகிறது. கிண்ணம், சான்றிதழ், பிரதம அதிதியோடு ஒரு போட்டோ. அன்றிரவே பேஸ்புக்கில் "மாஷா அல்லாஹ், வாழ்த்துக்கள்" என்று நூறு பேர் எழுதுகிறோம். அடுத்த வாரம் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

வென்ற பிள்ளைக்கு நாம் கொடுக்கும் பரிசு சரியான பரிசுதானா? இதைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தோம். இதற்கு ஒரு தூரத்து உதாரணம் எடுக்கிறோம். எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் அழகியல் பாடம் என்றால் பெரும்பாலும் சித்திரம்தான். வாத்தியம் என்றால் விளையாட்டுப் போட்டி அணிநடையில் போகும் பேண்ட் குழுதான். அதனால் இந்த உதாரணம் பலருக்குப் புதிதாக இருக்கும்.

மேற்கத்திய சங்கீதத்தில் "கொன்சேர்டோ" என்று ஒரு வகை உண்டு. வயலினோ பியானோவோ வாசிக்கும் ஒருவர் முன்னால் இருப்பார். அவருக்குப் பின்னால் அறுபது, எழுபது, சில வேளை நூறு பேர் கொண்ட முழு இசைக்குழு. ஒருவரும் ஒரு கூட்டமும் பேசிக்கொள்வது போல எழுதப்பட்ட இசை அது. அமெரிக்கா, ஐரோப்பா, இன்னும் பல நாடுகளில் மாணவர்களுக்கு இதற்கென்றே போட்டி வைக்கிறார்கள். ஆரம்பச் சுற்றுகளில் பின்னால் இசைக்குழு இருக்காது. அந்த நூறு பேரின் பகுதியையும் ஒருவர் பியானோவில் வாசித்துக் கொடுப்பார். பிள்ளை தன் பகுதியை, அனேகமாகப் புத்தகம் பார்க்காமல், மனப்பாடமாக வாசிக்க வேண்டும். வெல்லும் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய பரிசு, உண்மையான இசைக்குழுவோடு, டிக்கட் வாங்கி வந்த சபைக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்பு. சில இடங்களில் பணமும் கொடுப்பார்கள். ஆனால் பிள்ளைகள் ஆசைப்படுவது அந்த மேடைக்கு.

இந்தப் பரிசைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிள்ளை வென்றதும் அதற்கு ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. அதுவும் பெரியவர்கள் செய்யும் வேலை, பெரியவர்களோடு சேர்ந்து. பதினைந்து வயதுப் பிள்ளைக்காக எழுபது பெரியவர்கள் ஒத்திகைக்கு வந்து உட்காருகிறார்கள். நடத்துநர் பிள்ளையிடம் "இந்த இடத்தில் எவ்வளவு வேகம் வேண்டும்?" என்று கேட்கிறார். பிள்ளை சொல்லத்தான் வேண்டும். தொடங்க முன் எல்லா வாத்தியங்களும் ஒரே சுருதிக்கு வர வேண்டும். வாசிப்பது பியானோ என்றால் மற்ற எல்லோரும் அந்தப் பியானோவின் சுருதிக்குத் தங்கள் வாத்தியத்தைச் சரிசெய்வார்கள். இதில் சின்னப் பிள்ளை என்ற பேச்சுக்கு இடமில்லை.

முன்னால் நிற்பவர் முதலில் படிக்க வேண்டியது காத்திருப்பதை. பேத்தோவன் 1806இல் எழுதிய வயலின் கொன்சேர்டோவில் ஏறத்தாழ மூன்று நிமிடம் இசைக்குழு மட்டும் வாசிக்கும். வென்று வந்த பிள்ளை வயலினைக் கையில் வைத்துக்கொண்டு, சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டபடி நிற்க வேண்டும். தன் முறை வரும்போதுதான் தொடங்கலாம். வகுப்பறையில் இதை நாம் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்போம்! ஆனால் மேடையில் மூன்று நிமிடம் நின்ற பிள்ளைக்கு அதற்கு மேல் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

நடந்த சில கதைகளைச் சொல்கிறோம்.

அந்த்ரே வாட்ஸ். 1946இல் பிறந்தவர். தகப்பன் அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர், தாய் ஹங்கேரிக்காரி. முதலில் பியானோ சொல்லிக் கொடுத்தது தாய்தான். ஒன்பது வயதில் ஒரு போட்டியில் வென்று பிலடெல்பியா இசைக்குழுவின் சிறுவர் கச்சேரியில் வாசித்தார். பெற்றோர் பிரிந்த பிறகு தாய் வேலைக்குப் போய்த்தான் மகனைப் பார்த்தார். 1963 ஜனவரியில், பதினாறு வயதில், லெனார்ட் பேர்ன்ஸ்டைன் நடத்திய இளையோர் கச்சேரியில் நியூயோர்க் பில்ஹார்மோனிக்குடன் வாசித்தார். அது தொலைக்காட்சியிலும் போனது. அதே மாதக் கடைசியில் கிளென் கூல்ட் என்ற பெரிய பியானோக் கலைஞருக்குச் சுகமில்லாமல் போனது. அவருடைய இடத்துக்கு யாரைப் போடுவது? பேர்ன்ஸ்டைன் இந்தப் பதினாறு வயதுப் பொடியனைத்தான் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவரைத் தெரியாதவர் இல்லை. வயது போன காலத்தில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, 2023இல் காலமானார்.

இதில் நமக்குப் பாடமாக இருப்பது அந்தக் கடைசிச் சம்பவம். அவசரத்துக்கு ஆள் தேவைப்பட்ட நேரம் பேர்ன்ஸ்டைனுக்கு அந்தப் பொடியனின் பெயர் ஞாபகம் வந்தது. ஏன் வந்தது? ஏற்கெனவே பக்கத்தில் நிறுத்தி வேலை வாங்கிப் பார்த்திருந்தார். கிண்ணம் கொடுத்து அனுப்பியிருந்தால் அந்தப் பெயர் ஒரு பட்டியலில் மட்டும்தான் இருந்திருக்கும்.

அடுத்தது துருக்கி. 1948இல் துருக்கிப் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. இடில் பிரெட், சுனா கான் என்ற இரண்டு சிறுமிகளை வெளிநாட்டுக்கு அனுப்பி, சங்கீதம் படிக்க வைப்பதற்காக. இரண்டு பெண் பிள்ளைகளுக்காக ஒரு நாட்டின் பாராளுமன்றமே கூடிப் பேசியது. இடில் பிரெட் 1953இல், பதினொரு வயதில், பாரிஸ் மேடையில் மோஸார்ட்டின் இரண்டு பியானோ கொன்சேர்டோவை வாசித்தார். மற்றப் பியானோவில் இருந்தவர் வில்ஹெல்ம் கெம்ப், ஜேர்மனியின் மிகப் பெரிய பியானோக் கலைஞர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 57. பதினொரு வயதுப் பிள்ளையோடு சரிசமமாக ஒரே மேடையில் இருப்பதை அவர் குறைவாக நினைக்கவில்லை. எங்கள் விழாக்களில் பெரிய மனிதர்கள் மேடையில் உட்கார்ந்திருக்க, பிள்ளை ஏறி, பரிசை வாங்கி, இறங்கிவிடும். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பெரியவரை எத்தனை விழாவில் கண்டிருக்கிறோம்?

கிட்டடியில் நடந்தது ஷெக்கு கனே-மேசனின் கதை. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் சாதாரண அரச பாடசாலையில் படித்தவர். ஏழு பிள்ளைகள் உள்ள குடும்பம். தாய் சியராலியோனில் பிறந்தவர், தகப்பனின் குடும்பம் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தது. 2016இல், பதினேழு வயதில், பிபிசி இளம் இசைக்கலைஞர் போட்டியின் இறுதிச் சுற்றில் பிபிசி சிம்பொனி இசைக்குழுவோடு ஷொஸ்டகோவிச்சின் முதலாவது செலோ கொன்சேர்டோவை வாசித்து வென்றார். 1978இல் தொடங்கிய அந்தப் போட்டியில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

எங்கள் நாட்டிலும் இந்தக் கதை இல்லாமல் இல்லை. கொழும்பில் இலங்கை சிம்பொனி இசைக்குழு 1958இலிருந்து இருக்கிறது. இலங்கைப் பெற்றோருக்கு 1939இல் பிறந்த ரோஹன் டி சேரம் சின்ன வயதிலேயே செலோ படித்து, 1960இல், இருபது வயதுக் காலத்தில், நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் நியூயோர்க் பில்ஹார்மோனிக்குடன் வாசித்தார். அவரைக் கூப்பிட்டவர் டிமிட்ரி மிட்ரோபூலொஸ் என்ற நடத்துநர். அந்த அளவுக்குப் போன பிறகும் அவர் கண்டி மேளத்தை விடவில்லை, அதையும் வாசித்தார்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

"சேர், இசை கூடுமா கூடாதா என்பதே பிரச்சினை, நீங்கள் வயலினைப் பற்றி எழுதுகிறீர்கள்" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதில் உலமாக்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் இருக்கின்றன. அதைத் தீர்ப்பது எங்கள் வேலையுமல்ல, இந்தப் பதிவின் நோக்கமுமல்ல. உங்கள் பிள்ளைக்கு வயலின் வாங்கிக் கொடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளையை நம்பி ஒரு பொறுப்பைக் கையில் கொடுக்கும் அந்த முறையைத்தான் பார்க்கச் சொல்கிறோம்.

அந்த முறை எங்களுக்குப் புதிதும் இல்லை. ரமழானில் தராவீஹ் தொழுகையை யோசித்துப் பாருங்கள். ஹிப்ழை முடித்த பதினைந்து வயதுப் பிள்ளையை முன்னால் விடுகிறோம். பின்னால் ஊரே நிற்கிறது. வாப்பா, மாமா, படிப்பித்த ஹஸரத், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும். முதல் வரிசையில் மூத்த ஹாபிழ் ஒருவர் நின்று, பிள்ளை தடுமாறினால் எடுத்துக் கொடுக்கிறார். குர்ஆனை எதனோடும் ஒப்பிட நாங்கள் வரவில்லை, நஊதுபில்லாஹ். பிள்ளையை முன்னால் விட்டு, பெரியவர்கள் பின்னால் நின்று தாங்கும் அந்த ஏற்பாட்டைத்தான் சொல்கிறோம். அந்த ஒரு மாதத்தில் பிள்ளையின் நடை மாறிவிடுவதைக் கண்டிருக்கிறோம். பொல்லடியும் அப்படித்தான். புதிதாக வரும் பொடியனைக் கரையில் நிறுத்தி வைத்து ஆட்டம் பழக்க முடியாது. பெரியவர்களோடு வட்டத்துக்குள் விட்டால்தான் கம்பு தாளத்துக்கு வரும்.

இவ்வளவும் தெரிந்த நாம், பாடசாலைப் போட்டி என்று வந்தால் மட்டும் கிண்ணத்தோடு நின்றுவிடுகிறோம்.

எங்களிடம் படித்த ஒரு மாணவி. பேச்சுப் போட்டியில் மாகாண மட்டம் வரை போய் வென்று வந்தாள். விழா நடந்தது, பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு மாதம் கழித்து வராந்தாவில் நின்று கேட்டாள்: "சேர், இனி நான் எங்க போய்ப் பேசுற?" எங்களிடம் பதில் இல்லை. அந்த ஊரில் கூட்டங்கள் நடக்கின்றன, கருத்தரங்குகள் நடக்கின்றன, டெங்கு விழிப்புணர்வு நடக்கிறது. ஒன்றுக்காவது அவளைப் பேசக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. வென்றவள் அவள்தான், ஆனால் ஒலிவாங்கி வழமையான ஆட்களிடம்தான் இருந்தது. ஆண் பிள்ளைக்காவது தராவீஹ் இருக்கிறது, கழகம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது. பெண் பிள்ளைக்குச் சான்றிதழ்க் கோவை மட்டும்தான். பதினாறு வயதில் பேச இடம் கிடைக்காத பிள்ளை, நாற்பது வயதில் வைத்தியசாலையிலும் பிரதேச செயலகத்திலும் வாய் திறக்கத் தயங்குவதைப் பார்த்து நாம் ஆச்சரியப்படக் கூடாது.

ஆகவே எங்கள் யோசனை இதுதான். கிண்ணத்தை நிறுத்த வேண்டாம், அதில் பிள்ளைக்கு ஒரு சந்தோசம் இருக்கிறது. அதோடு ஒவ்வொரு முதலிடத்துக்கும் ஒரு வேலையையும் பரிசாகச் சேர்த்துக் கொடுப்போம்.

பேச்சுப் போட்டியில் வென்ற பிள்ளை ஊரில் நடக்கும் அடுத்த பொது நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கட்டும். அனுபவமுள்ள அறிவிப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருந்து பழக்கட்டும். சித்திரத்தில் வென்ற பிள்ளைக்கு நூலகச் சுவரில் ஒரு பகுதியை ஒதுக்குவோம். பெயர்ப்பலகை எழுதி வாழும் ஓவியர் ஒருவர் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து தீட்டட்டும். விஞ்ஞானக் கண்காட்சியில் வென்ற பிள்ளையை ஊரிலுள்ள பொறியியலாளர் ஒருவர் விடுமுறையில் ஒரு வாரம் தன்னோடு வேலைத்தளத்துக்குக் கூட்டிப் போகட்டும். கட்டுரையில் வென்ற பிள்ளை, ஊரின் மூத்த எழுத்தாளரோடு இருந்து பாடசாலைச் சஞ்சிகையைத் தொகுக்கட்டும். பதினேழு வயதுக்குட்பட்டோரில் சிறந்த வீரனைக் கழகங்கள் பெரியவர்களின் ஆட்டத்தில் ஒரு முறையாவது இறக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு எந்த இடம் பொருத்தம் என்பதை உம்மாமாரையும் ஆசிரியைகளையும் வைத்துப் பேசித் தீர்மானிப்போம். ஆனால் "இடம் இல்லை" என்ற பதில் மட்டும் வரக் கூடாது.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. பொன்னாடைக்கும் மேடை அலங்காரத்துக்கும் போகும் செலவைவிடக் குறைவு. தேவைப்படுவது பெரியவர்களின் நேரம். அதுதான் கஷ்டம் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

"பிள்ளை எல்லோருக்கும் முன்னால் பிழை விட்டால்?" என்று ஒரு கேள்வி வரும். விடத்தான் செய்யும். இசைக்குழுவில் பிள்ளை ஒரு இடத்தில் அவசரப்பட்டால் நடத்துநர் எல்லோரையும் சேர்த்து அந்த வேகத்துக்குக் கொண்டுவருவார். ஒரு இடத்தில் விட்டுவிட்டால் அடுத்த இடத்தில் பிடித்துக்கொள்ள வழி செய்வார்கள். அதற்காகத்தான் அனுபவசாலிகள் பின்னால் இருப்பது. சபையில் உள்ள பலருக்கு அது தெரியவும் வராது. எங்கள் ஊரில் பிள்ளை பிழை விட்டால் முதலில் போன் எடுத்து வீடியோ பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைப் பெரியவர்கள்தான் நிறுத்த வேண்டும்.

"ஒருவர்தானே வெல்கிறார், மற்றப் பிள்ளைகள்?" என்பது இன்னொரு கேள்வி. இதற்கும் இசைக்குழுவில் பதில் இருக்கிறது. மாணவர் இசைக்குழுக்களில், போட்டியில் தோற்ற பிள்ளைகளும் வென்ற பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பார்கள். அவர்கள் இல்லாமல் கொன்சேர்டோ இல்லை. பேச்சில் இரண்டாவது வந்த பிள்ளை நிகழ்ச்சிக்கு எழுதிக் கொடுக்கலாம், மூன்றாவது வந்த பிள்ளை விருந்தினரை அறிமுகப்படுத்தலாம். வேலை என்று வந்தால் பலருக்கு இடம் வரும். கிண்ணத்தைப் பங்கு போட முடியாது.

மூன்றாவது விடயம்தான் மிகவும் முக்கியம். போட்டிக்கு வரும் பிள்ளைகள் யார்? பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள்தான் திரும்பத் திரும்ப வெல்கிறார்கள். மேற்கத்திய சங்கீதத்தில் இது இன்னும் மோசம். நல்ல வாத்தியத்தின் விலையும் ஆசிரியருக்குக் கொடுக்கும் கட்டணமும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. இதைக் கண்டுதான் ஏரன் டுவோர்கின் என்ற கறுப்பின வயலின் கலைஞர், மிச்சிகனில் மாணவராக இருக்கும்போதே, 1997இல் ஸ்பிங்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளுக்கான நரம்பு வாத்தியப் போட்டி அது. வெல்பவர்களுக்கு இசைக்குழுக்களோடு வாசிக்க வாய்ப்பு வாங்கிக் கொடுக்கிறார்கள். அதைவிட அழகான ஏற்பாடு, இறுதிச் சுற்றில் பிள்ளைகளுக்குப் பின்னால் வாசிக்கும் இசைக்குழுவே கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் கலைஞர்களால் ஆனது. பிள்ளை திரும்பிப் பார்த்தால் தன்னைப் போன்ற பெரியவர்கள் எழுபது பேர் அங்கே இருக்கிறார்கள். "நமக்கு இது சரிவராது" என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

எங்கள் ஊரிலும் மீனவர் வீட்டுப் பிள்ளை, வயல் கூலிக்குப் போகிறவரின் பிள்ளை, உம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை எல்லோரும் எங்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் குரல் இருக்கிறது, கை வண்ணம் இருக்கிறது. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அவர்களைப் பழக்குவதற்கு ஒரு பழைய மாணவர் சங்கம் முன்வந்தால், பரிசளிப்பு விழாவுக்குக் கொடுக்கும் காசைவிட அது பெரிய ஸதகா என்றே நாங்கள் நினைக்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் உங்கள் பாடசாலையிலோ கழகத்திலோ ஏதாவது ஒரு போட்டிக்கு அனுசரணை கேட்டு வருவார்கள். அப்போது கிண்ணத்துக்கு எவ்வளவு என்று கேட்பதோடு, "வெல்லும் பிள்ளைக்கு என்ன வேலை கொடுக்கப் போகிறீர்கள்? அந்தப் பிள்ளையோடு யார் நிற்பார்?" என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். நிற்க ஆள் இல்லை என்றால் நீங்களே நில்லுங்கள். தச்சுத் தொழில் தெரிந்தவராக இருந்தாலும் சரி, கணக்காளராக இருந்தாலும் சரி, உங்களிடம் ஒரு பிள்ளைக்குக் கொடுக்க ஒரு வேலை இருக்கும்.

விரும்புகிறவர்கள் உங்கள் பெயரையும் தொழிலையும் ஒரு மாணவருக்காக எத்தனை நாள் ஒதுக்க முடியும் என்பதையும் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். ஒரு பட்டியல் தயாரித்து அதிபர்மாரிடம் கொடுக்க நினைத்திருக்கிறோம். பத்துப் பெயர் சேர்ந்தால் போதும், இந்த வருடமே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.